வாகனச் சாவி ஓர் அமானிதம்

(நமது பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்கு முன் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் ஏக வல்லவனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!



மது ஹராம் என்பதை இங்கு அமர்ந்திருக்கும் எவருக்கும் நாம் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மக்தபில் ஓதும் சிறு பிள்ளையும் அதனை அறியும். ஆயினும், அது ஹராம் என்ற காரணத்தினாலேயே நம் மஹல்லாவின் எல்லைக்குள் நுழையாது என்று பலர் நம்பியிருக்கிறார்கள். மீசை அரும்பாத பிள்ளையின் கையில் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் யாருடன் போகிறான், எந்த நிலையில் திரும்புகிறான் என்று கேட்காமல் உறங்கப் போகும் பெற்றோர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இன்றைய உரை குடிப்பவனைப் பற்றியது மட்டுமன்று. அவன் கையில் சாவியைக் கொடுப்பவரையும், அவனுக்குப் பின்னால் ஏறி அமர்பவனையும், அறிந்தும் வாய் மூடி இருப்பவரையும் பற்றியதாகும்.

மதுவைத் தடுக்கும் சட்டம் ஒரே நாளில் இறங்கவில்லை. அதிலுள்ள நன்மையைவிடத் தீமையே பெரிது என்று முதலில் உணர்த்தப்பட்டது (2:219). பின்னர், போதையிலிருக்கும் நிலையில் தொழுகையை நெருங்க வேண்டாம் என்று தடுக்கப்பட்டது (4:43). இறுதியில், அது ஷைத்தானின் அருவருக்கத்தக்க செயல் என்று முற்றாக விலக்கப்பட்டது (5:90). இவற்றுள் இரண்டாவது வசனத்தைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். தான் சொல்வது இன்னதென்று தனக்கே தெரியாத நிலையில் தொழுகைக்கு வரக்கூடாது என்பது அதன் கருத்து. வாயிலிருந்து வரும் சொல்லையே அறியாதவன் தொழுகையில் நிற்பதற்குத் தகுதியற்றவன் என்றால், பிறருடைய உயிர்கள் நடமாடும் சாலையில் வாகனத்தைச் செலுத்த அவன் எவ்வாறு தகுதி பெறுவான்?

தடை இறங்கிய அந்நாளில், அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் மது பரிமாறிக்கொண்டிருந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். அப்போது அவர்கள் வயதில் மிக இளையவர்கள். தெருவில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது. இருந்த மதுவைக் கொட்டிவிடுமாறு அபூதல்ஹா (ரலி) அவர்கள் பணித்தார்கள். அது மதீனாவின் வீதிகளில் ஓடியது என்று புகாரி ஷரீபில் காண்கிறோம். அந்த வீட்டின் பெரியவர் நாளை பார்க்கலாம் என்று தள்ளிவைக்கவில்லை. அவர் உடனே முடிவெடுத்தார். இளைஞரின் கை அதனைச் செய்தது. பெரியவரின் உறுதியே இளையவரின் ஒழுக்கத்திற்கு வழிகாட்டும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா?

நம் வாலிபர்களில் சிலர், "பீர் மது அல்ல, சிறிதளவு குடித்தால் போதை ஏறாது" என்று தமக்குத் தாமே தீர்ப்பு வழங்கிக்கொள்கிறார்கள். யமன் நாட்டிற்கு அனுப்பப்பட்ட அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள், அங்கே தேனிலிருந்தும் வாற்கோதுமையிலிருந்தும் தயாரிக்கப்படும் பானங்களைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். போதை தரும் ஒவ்வொன்றும் ஹராமே என்பது அதற்குக் கிடைத்த பதில். இன்றைய பீர் அதே வாற்கோதுமையிலிருந்துதான் தயாராகிறது. அதிகமாக அருந்தினால் போதை தருவது எதுவோ, அதில் குறைந்த அளவும் ஹராம் என்றும் ஹதீஸில் வந்துள்ளது. மாத்திரை, கஞ்சா, முகர்ந்து மயங்கும் பொருள்கள் ஆகியவற்றுக்கும் இதே சட்டம்தான். பெயரை மாற்றுவதால் சட்டம் மாறாது.

அன்பர்களே! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்துவிடும். கண் கண்டதை அறிவு உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒரே ஒரு விநாடி தாமதமானாலும், அதற்குள் வண்டி ஏறத்தாழ மூன்று வீட்டு வாசல்களைத் தாண்டிவிடும். மது செய்யும் முதல் வேலையே இந்தத் தாமதத்தை உண்டாக்குவதுதான். அதற்கு முன்பாகவே, "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற பொய்யான துணிச்சலையும் அது ஊட்டிவிடுகிறது. எலுமிச்சைச் சாறும், காப்பியும், குளிர்ந்த நீரில் குளிப்பதும் இரத்தத்தில் கலந்த மதுவை வெளியேற்றமாட்டா. கல்லீரல் அதனைத் தன் போக்கில் மெல்ல மெல்லவே கரைக்கும். ஏலக்காய் மென்றால் வாடை மறையலாம், போதை மறையாது.

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டின் சாலைகளில் 1,68,491 உயிர்கள் பறிபோயின என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. நாளொன்றுக்கு 460 உயிர்களுக்கும் மேல். இவை அனைத்தும் மதுவினால் நேர்ந்தவை அல்ல. ஆனால், மதுவினால் நேர்ந்த ஒவ்வொன்றும் தவிர்த்திருக்கக் கூடியதே. "விபத்துத்தானே, விதிதானே" என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. ஒரு முஃமினைத் தவறுதலாகக் கொன்றுவிட்டவருக்கே நஷ்டஈட்டையும், அடிமையை விடுதலை செய்வதையும், அதற்கு இயலாதவருக்கு இரண்டு மாதங்கள் தொடர்ந்து நோன்பு நோற்பதையும் குர்ஆன் கடமையாக்கியிருக்கிறது (4:92). தவறுதலுக்கே இவ்வளவு பொறுப்பு என்றால், தானே விரும்பி அறிவை இழந்து வாகனம் ஏறியவனின் பொறுப்பு எத்தகையது?

நாட்டின் சட்டமும் இன்று பெற்றோரின் வாசலுக்கே வந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது சட்டவிரோதம். சிறுவருக்கு மது கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது கலந்த நிலையில் வாகனம் ஓட்டினால், முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இவை யாவற்றினும் முக்கியமானது 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதியாகும். 18 வயது நிரம்பாத சிறுவன் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், அவனுடைய பாதுகாவலரோ வாகன உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி செய்தோம் என்றோ அவர் நிரூபிக்காவிட்டால், மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்த வாகனத்தின் பதிவு ஓராண்டுக்கு இரத்தாகும். அச்சிறுவன் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற முடியாது. வெளிநாட்டில் வியர்வை சிந்தும் தந்தை, ஆசை மகனுக்காக அனுப்பிய பணத்தில் வாங்கிய வண்டி, அந்தத் தந்தையையே நீதிமன்றத்தில் நிறுத்தக்கூடும்.

பிள்ளையின் மீதுள்ள பாசம் எந்த எல்லை வரை செல்லக்கூடும் என்பதற்கு, மஹாராஷ்டிர மாநிலம் புனே நகரில் 2024 மே மாதம் நடந்த சம்பவம் ஒரு படிப்பினை. மது அருந்தியதாகக் கூறப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஓட்டிய விலையுயர்ந்த கார் மோதி, மோட்டார் சைக்கிளில் சென்ற இளம் பொறியாளர்கள் இருவர் மாண்டனர். விபத்தைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுவது முதலிய நிபந்தனைகளுடன் சிறுவனுக்கு ஜாமீன் வழங்கப்பட்டபோது நாடே கொதித்தெழுந்தது. பின்னர், மது அருந்தியதை மறைப்பதற்காக இரத்த மாதிரியே மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டில் மருத்துவர்களும், சிறுவனின் தாய் தந்தையரும் கைது செய்யப்பட்டனர். உரிய நேரத்தில் சாவியை மறுத்திருந்தால் இத்தனை குடும்பங்களும் பிழைத்திருக்குமே! உங்களில் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர், தம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்ற கருத்திலமைந்த நபிமொழியை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! அந்த விசாரணையில் வாகனச் சாவியும் ஒரு கேள்வியாக இருக்கும்.

இன்னுமொன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வண்டியோட்டி இறந்தவனுக்கு ஜனாஸா தொழுகை உண்டா என்று ஆலிம்களிடம் வந்து கேட்கிறார்கள். உண்டு. அவன் பாவியாயினும் முஸ்லிம்; அவனைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழவைத்து அடக்குவது நம் கடமை. ஆனால், மையித்தான பிறகு கேட்கும் அக்கேள்வியை அவன் உயிரோடு இருக்கையில், "இவனை எப்படிக் காப்பாற்றுவது?" என்று கேட்டிருக்கலாமே! ஏன் கேட்கவில்லை? வெட்கத்தினால். ஜமாஅத்தில் தெரிந்தால் மானம் போய்விடும், தங்கையின் சம்பந்தம் தடைபடும் என்ற அச்சத்தினால்.

அந்த அச்சத்தைப் போக்குவதும் ஜமாஅத்தின் பொறுப்பாகும். நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவர் இருந்தார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது, அவரைச் சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று அண்ணலார் (ஸல்) தடுத்தார்கள். தண்டனை நிறைவேறியது, ஆனால், உறவு அறுக்கப்படவில்லை. பாவத்தை வெறுப்பதற்கும் பாவியை விரட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். விரட்டப்பட்டவன் பள்ளிவாசலை விட்டுத்தான் போவான். மதுக்கடையை விட்டுப் போகமாட்டான்.

ஆகவே, ஜமாஅத்தார்களின் சிந்தனைக்குச் சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, பெற்றோர்களுக்கு. 18 வயது நிறைந்து உரிமம் பெறும்வரை பிள்ளையிடம் மோட்டார் சைக்கிளைக் கொடுப்பதில்லை என்று உறுதி பூணுங்கள். கடைக்குப் போய் வரட்டும், தெருக்கோடி வரைதானே என்ற சலுகையும் வேண்டாம். அதன்பிறகும் இரவில் சாவி பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது, மகனிடம் இவ்வாறு சொல்லி வையுங்கள்: "நீயோ, உன்னை அழைத்துப் போனவனோ நிதானமில்லாத நிலையில் இருந்தால் எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடு, வந்து அழைத்துப் போகிறோம். கண்டிப்பு மறுநாள்." இது ஹராமுக்கு இடம் கொடுப்பதாகாது. தௌபாச் செய்வதற்கு முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டுமல்லவா?

மூன்றாவது, வாலிபர்களுக்கு. நண்பன் தடுமாறினால் அவன் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவன் கோபித்தாலும் பரவாயில்லை. அவனுக்குப் பின்னால் ஏறாதீர்கள். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே மார்க்கம் தடுத்திருக்கிறது. அதை அருந்தியவன் ஓட்டும் வண்டியில் அமர்வது எவ்வாறு தகும்? சாலையிலிருந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. போதையில் ஓட்டும் ஒரு வண்டியைத் தடுத்து நிறுத்துவது அந்தக் கிளையில் அடங்காதா?

நான்காவது, நிர்வாகிகளுக்கு. நிக்காஹ் பதிவுக்கு வரும்போதே, முதல் நாள் இரவில் தோழர்களுக்கென்று மது விருந்து நடவாது என இரு வீட்டாரிடமும் வாக்குறுதி பெறலாம். பெருநாள் மாலையில் வாலிபர்கள் வண்டிகளில் பந்தயம் விடுவதைத் தடுக்க, பெரியவர்கள் சிலர் தெருமுனைகளில் நின்றாலே போதும். பெற்றோர்கள் அச்சமின்றி வந்து பேசுவதற்கு, இரகசியம் காக்கக்கூடிய மூவரை நியமிக்கலாம். அவர்களிடம் சொன்னது பள்ளிவாசல் திண்ணைக்கு வரக்கூடாது. அடிமைப்பட்டுவிட்டவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் அவர்கள் துணை நிற்க வேண்டும். போதை மீட்புக்கென 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை மத்திய அரசு அமைத்துள்ளது. நோய்க்கு மருந்து தேடுவது சுன்னத்தே.

மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, செல்வம் ஆகிய ஐந்தையும் பாதுகாப்பதே ஷரீஅத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். போதையில் ஓட்டப்படும் ஒரு வாகனம் இந்த ஐந்தின் மீதும் ஒரே இரவில் ஏறிச் சென்றுவிடும். ஓர் உயிரைக் காப்பாற்றியவர் மனிதர் அனைவரையும் காப்பாற்றியவரைப் போன்றவர் என்பது இறைமறையின் கருத்து (5:32). அந்த நன்மையை, ஒரு சாவியைக் கொடுக்க மறுப்பதன் மூலமாகவே அடைய நமக்கு வாய்ப்பு இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் சந்ததிகளைப் போதையின் தீங்கிலிருந்து பாதுகாப்பாயாக! அதில் வீழ்ந்துவிட்டவர்களுக்குத் தௌபாவையும் ஷிஃபாவையும் நல்குவாயாக! சாலை விபத்துகளில் தம் மக்களை இழந்த பெற்றோர்களுக்கு அழகிய பொறுமையை அருள்வாயாக! எங்கள் கைகளில் நீ ஒப்படைத்த அமானிதங்களைப் பேணும் மன உறுதியை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.