கொடுப்பவர் மனமும் பெறுபவர் மனமும்



திருமணம் முடிந்த மறுநாள் மணமக்கள் வீட்டில் பரிசுப் பொட்டலங்களைப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு சுவர்க்கடிகாரம், மூன்று டின்னர் செட், இரண்டு ரைஸ் குக்கர் இருக்கும். அவற்றில் சில, புதுக் காகிதம் சுற்றிக்கொண்டு அடுத்த திருமணத்துக்குப் புறப்பட்டு விடும். நான் ஒருவருக்குக் கொடுத்த பூச்சாடியே ஈராண்டு கழித்து என் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வந்து சேர்ந்தது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் நடந்திருக்கும்.

சீன நண்பர்களுக்கு மட்டும் நாம் கடிகாரம் கொடுப்பதில்லை. கடிகாரம் கொடுப்பது என்று சொன்னால், அவர்கள் மொழியில் இறுதிக் கடன் செய்வதைப் போல் ஒலிக்கும். ஆக, வாங்குபவர் மனம் என்ன நினைக்கும் என்று யோசிக்க நமக்குத் தெரிகிறது. சொந்த வீட்டாரிடம்தான் அந்த யோசனை வருவதில்லை.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கிறிஸ்துமஸ் பரிசு பெற்ற மாணவர்களிடம், பாசத்தைக் கணக்கில் சேர்க்காமல் அந்தப் பொருளின் மதிப்பைச் சொல்லச் சொன்னார். வாங்கிய விலையைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருந்தது. தாத்தா பாட்டி, அத்தை மாமா கொடுத்த பொருள்களில்தான் இழப்பு அதிகம். நண்பர்கள் ஓரளவு தப்பித்தார்கள்.

விலையைக் கூட்டினால் சரியாகுமா? ஃபிளின், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-இல் இதைச் சோதித்தார்கள். விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று நம்பியவர்கள் கொடுத்தவர்கள் மட்டுமே. பெற்றவர்களிடம் அப்படி ஒரு தொடர்பே தென்படவில்லை. ஜெஃப் காலக் என்பவரும் அவருடைய சகாக்களும் 2016-இல் சொன்ன விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கொடுப்பவரின் கண்முன் நிற்பது பொட்டலம் பிரிக்கும் அந்த ஒரு நிமிடம். பெறுபவருக்கோ அதற்குப் பிறகு வரும் நாள்கள்.

இதை ஆய்வுக் கட்டுரையில் படிப்பதற்கு முன்பே என் வீட்டில் பார்த்துவிட்டேன். என் அம்மா ஒரு தீபாவளிக்கு என்னிடம் கேட்டது, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. "இதெல்லாம் ஒரு பரிசாம்மா?" என்று சொல்லிவிட்டு, அறுநூறு வெள்ளிக்குப் பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்தேன். அக்கம்பக்கத்தாரிடமெல்லாம் காட்டினார். எனக்கும் பெருமைதான். பொங்கலுக்கு முந்திய வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கைப்பிடியின் விலை நாற்பது வெள்ளி. மாவுக்கட்டோடு இருந்தவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

கேட்டதையே வாங்கிக் கொடுத்தால் நம் அன்பு தெரியாமல் போய்விடுமோ என்ற பயம் நமக்கு. ஜீனோ, ஃபிளின் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. தாங்கள் கேட்ட பொருள் கிடைத்தபோதுதான், 'நம்மை நினைத்து வாங்கியிருக்கிறார்' என்று பெற்றவர்கள் உணர்ந்தார்கள்.

அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே என்பீர்கள். மொய், அங்பாவ் எல்லாம் பணம்தானே? உண்மை. ஆனால் ஐம்பத்தோரு வெள்ளி மொய் நோட்டுப் புத்தகத்தில் ஏறுகிறது. நாளை நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். மனைவியின் பிறந்தநாளன்று உறையில் நூறு வெள்ளி வைத்துக் கொடுத்துப் பாருங்கள். அன்றைய சாப்பாட்டிலேயே விடை தெரிந்துவிடும். நெருங்கியவர்களிடம் கணக்கு தெரியக்கூடாது என்று மனம் எதிர்பார்க்கிறது.

கைப்பிடி இப்போது சுவரில் இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு அம்மா கேட்டது, வழுக்காத ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. உடனே வாங்கிவிட்டேன். கூடவே ஒரு சேலையும் எடுத்தேன். என்ன செய்வது, மனம் கேட்கவில்லை.