குழந்தை டாக்டர் சௌமியா சுவாமிநாதன்



குழந்தை டாக்டர் சௌமியா சுவாமிநாதன் பற்றிப் பேச வந்திருக்கேன். 1959-ல் பிறந்தவங்க. தாத்தா கும்பகோணத்தில் டாக்டர். அப்பா விவசாய விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன். அம்மா மீனா தலைமையில் 1972-ல் கொடுத்த அறிக்கைதான், 1975-ல் அங்கன்வாடித் திட்டம் வர வழிகாட்டியது. நம்ம பிள்ளைங்க சத்துமாவு வாங்குற அதே அங்கன்வாடிதான்.

சௌமியா புனேயில் எம்.பி.பி.எஸ்., டெல்லி எய்ம்ஸில் குழந்தை மருத்துவம் படிச்சாங்க. அமெரிக்காவில் பயிற்சி எடுத்தும், சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில்தான் 1992-ல் சேர்ந்தாங்க. கல்யாணம், பிள்ளைங்க, குடும்பம் எல்லாத்தோடயும்தான் உழைச்சாங்க. 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனாங்க. இப்போ சென்னையில் அப்பாவின் ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்துறாங்க.

நாமளும் ஒண்ணு செய்யலாம். பொண்ணுக்கு மாப்பிள்ளை அமையாதுன்னு காசநோயை மறைக்கிற வீடு இன்னும் இருக்கு. ஆனா மறைச்சா, மடியில இருக்கிற குழந்தைக்குத்தான் முதல்ல ஒட்டும். ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா, குழந்தைக்கு எடை ஏறலையா? அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பரிசோதனையும் இலவசம், மாத்திரையும் இலவசம். ஆறு மாசம் விடாம சாப்பிட்டா குணமாகும். குழுக் கூட்டத்தில் கடன் தவணை கேட்கும்போது இதையும் கேட்போம்.