பஞ்சத்திற்குப் பழகிய உடல்



பருமனான ஒருவரைப் பார்த்ததும், "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று சமுதாயம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. குற்றம் அவர் வாயில் மட்டும்தானா?

மனித இனம் தோன்றி ஏறக்குறைய 3 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. பயிர்த்தொழில் தொடங்கியதோ சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அதுவரை வேட்டை கிடைத்தால் விருந்து, கிடைக்காவிட்டால் பட்டினி. கிடைத்தபோது உண்டு, மிஞ்சியதைக் கொழுப்பாகச் சேமித்த உடல் பஞ்சத்தைத் தாண்டியது. 1962-ஆம் ஆண்டு அமெரிக்க மரபியல் அறிஞர் ஜேம்ஸ் நீல், நீரிழிவு நோய்க்கு இவ்வகை விளக்கத்தை முன்வைத்தார். 'சிக்கன மரபணு' எனப்படும் அக்கருத்து இன்றும் விவாதத்தில் உள்ளது. ஆனால், சேர்த்த கொழுப்பை உடல் எளிதில் விட்டுக்கொடுக்காது என்பது எடை குறைக்க முயன்ற எல்லாருக்கும் தெரியும்.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போனார்கள். மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டினார்கள், வாளி சுமந்தார்கள். தட்டு நிறையச் சோறு உண்டாலும் உழைப்பு அதை எரித்துவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு நாற்காலி வேலை, வாசலில் கார், அடுக்குமாடியில் மின்தூக்கி. சோறு குறையவில்லை. இரவு 11 மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சேர்ந்துகொண்டன.

விளைவு? 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இன வாரியாகப் பார்த்தால் நீரிழிவு இந்தியர்களையே அதிகம் தாக்குகிறது.

"நான் ஒல்லிதானே" என்று நிம்மதி அடையவும் முடியாது. தெற்காசியர்களுக்குக் கை கால் மெலிந்திருந்தாலும் வயிற்றினுள் கொழுப்பு தங்குவதுண்டு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 செண்டிமீட்டரையும் எட்டினாலே எச்சரிக்கை தேவை.

2019 ஜூலை முதல் மலேசியாவில் இனிப்புப் பானங்களுக்கு வரி உண்டு. ஆனால் கடையில் கலக்கித் தரும் தேநீரில் சீனியைக் குறைக்கச் சொல்ல வேண்டியவர் குடிப்பவர்தான்.

3 இலட்சம் ஆண்டுப் பழக்கத்தை ஏளனத்தால் மாற்ற முடியாது. பருமனானவரைக் கேலி செய்வதை விடுத்து, இரவுச் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, உண்டபின் குடும்பமாக அரை மணி நேரம் நடக்கலாம். தாத்தா பிழைப்புக்காக நடந்தார். பேரன் பிழைத்திருப்பதற்காக நடக்கட்டும்.