கூலியாள் கோலம்

இறைவன் அடிமையின் கோலங்கொண்டான் என்கிறது கிறிஸ்தவ வேதம். கள்வர் இருவர் நடுவே சிலுவையில் மாண்டதே அவன் மகிமை என்றும் அது சாதிக்கிறது. முரணான கூற்றுத்தான். ஆயினும் அதனை வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் நாட்டு மண்ணிலே நடந்திருக்கிறார்.

யோசேவ் வாஸ் அடிகளார் 1651இல் கோவாவிலே, அந்தணர் மரபில் வந்த கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்க குருமாருக்கு இங்கு இடமில்லை. ஆதலால் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். குலப்பெருமையைக் களைவது அங்கியைக் களைவதிலும் கடினம் என்பதை நாம் அறிவோம் அல்லவா? வந்தவுடன் வயிற்றுக்கடுப்பும் அவரை வாட்டியது. கோட்டையும் பீரங்கியும் உடைய ஆட்சிக்கு எதிரே நின்றவர் இந்த நோயாளிதான்!

1692இல் கண்டிக்குச் சென்றவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றரெனச் சிறைவைத்தனர். 1697இல் அந்நகரிலே வைசூரி பரவியது. உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அடிகளாரோ, தம் உறவினரான கார்வாலோ என்னும் குருவுடன் அங்கேயே தங்கினார். புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கஞ் செய்தார். எச்சமயத்தவர் என்று வினவவில்லை. சிறைவைத்த இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனே அவரைப் பெரிதும் மதித்தான். அடிகளார் செய்த அற்புதங்கள் எனப் பல சொல்வாருண்டு. எனக்கோ, புண் கழுவிய அக்கைகளே பெரிதாகத் தோன்றுகின்றன.

1711 ஜனவரி 16இல் கண்டியிலே அவர் உயிர்நீத்தார். ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிவுற்றது. 2015இல் கொழும்புக் காலிமுகத்திடலிலே, பெருந்திரளான மக்கள் முன்னிலையில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அவருடைய கல்லறை எங்குள்ளதென்பது இன்றும் அறியப்படவில்லை.