சாயத்தொட்டியும் ஆய்வுக்கூடமும்
(திருப்பூர் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

புற்றுநோய் ஆய்வு நமக்கு எட்டாத துறை என எண்ணுவோர் உளர். அவ்வாய்வின் ஒரு கிளை சாயத்தொட்டியின் அருகிலேயே முளைத்தது! 1895-இல் செருமனி நாட்டு அறுவை மருத்துவர் இலுடுவிக்கு இரேன், சாய ஆலைத் தொழிலாளர் மூவரின் சிறுநீர்ப்பையில் கட்டிகளைக் கண்டார். நோயோடு நோயாளியின் தொழிலையும் சேர்த்து நோக்கியதால் உண்மை புலப்பட்டது.

நொய்யற்கரையில் அவ்வாறு நோக்குவார் யார்? சாயப்பட்டறைத் தொழிலாளி தன் நோவைத் தமிழில்தான் சொல்வான். அதனைத் தமிழிலேயே கேட்டு, ஆண்டுதோறும் பிழையறப் பதிந்து, ஆராய வல்லார் அவன் மக்களே!

எனினும், நூலறிவு மட்டும் ஆய்வாளரை ஆக்காது. வழிகாட்டும் மூத்தோர் வேண்டும். மருத்துவர் முத்துலக்குமி அம்மையார் 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை கண்டார். அவர்தம் மகனார் கிருட்டிணமூர்த்தியும் 1955-இல் வந்து சேர்ந்த சாந்தா அம்மையாரும் அதனை வளர்த்தனர். தாம் கற்றதைத் தம்மோடு முடித்துக்கொண்டனரா? இல்லை! 1984-இல் ஆங்கே கல்லூரி எழுந்தது. புற்றுநோய்க்கான உயர்சிறப்பு மருத்துவப் படிப்பு இந்தியாவிலேயே முதன்முதலாக ஆங்குத் தொடங்கிற்று. அம்மையார் 2021-இல் மறைந்தார். அவர் பயிற்றுவித்தோர் பணி தொடர்கின்றனர்.

திருப்பூர்ச் செல்வர்களே! தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவரின் ஆய்வுக் கல்விக்கேனும் பொறுப்பேற்பீர்! ஆசிரியர்களே! அப்பிள்ளையை அருகிருத்திப் பழக்குவீர்! மாணவர்களே! வினவத் துணிவீர்!

வெல்க தமிழ்!