இரு வீரரின் மரணம்



அமெரிக்கச் சித்திரக்கதைகளிற் பிறந்த அதிமானுட வீரர்களைத் திரையில் உலவவிடும் பெரு நிறுவனங்கள் இரண்டு. ஒன்று மார்வெல், மற்றையது டீசி. இவற்றுட் சிறந்தது எதுவென்று என் மாணவர் இடைவேளை தோறும் வாதிடுவர். எந்த வீரன் வலியன் என்பதே அவர்தம் வழக்கு. கதை சொல்லும் முறையை எவரும் ஆராய்வதில்லை. இரு வீரரின் மரணங்களை எடுத்துக்கொண்டு அதனை ஆராய்வோம்.

2008ஆம் ஆண்டு வெளிவந்த 'அயன் மான்' படத்தின் நாயகன் ரோனி ஸ்டார்க் ஓர் ஆயுத வணிகன், செருக்கன். ஆப்கானிஸ்தானத்திற் சிறைப்பட்டபோது, தான் ஆக்கிய ஆயுதங்களே கொடியோர் கையிலிருத்தலைக் காண்கிறான். அவனுக்குச் சிகிச்சை செய்த சிறைத்தோழன், அவன் தப்பும்பொருட்டுத் தன்னுயிரைக் கொடுக்கிறான். 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்திலே ஸ்டார்க் பிறர்க்காகத் தன்னுயிரை ஈகிறான். இடையே 11 ஆண்டுகள். அன்று பட்ட கடனை இன்று தீர்க்கிறான் என்று எவரும் திரையிற் கூறவில்லை, கூறவேண்டிய தேவையுமில்லை. நான் கண் கலங்கினேன் என்பதை ஒளிப்பானேன்?

டீசியின் சுப்பர்மானோ 1938 முதல் உலகறிந்தவன். எனினும் 2013இல் ஒரு படத்தில் அவனைப் புதிதாக அறிமுகஞ்செய்து, 2016இல் அடுத்த படத்திலேயே பற்மானோடு மோதவிட்டு, அரக்கனொருவனோடு பொருது மடியவும் செய்துவிட்டனர். அழுவதற்குள் சவப்பெட்டியின் மீதிருந்த மண் மேலெழுகிறது! மறு ஆண்டே அவன் மீண்டு வந்தான்.

ஆகவே நெடுந்தொடரே வேண்டுமென்று முடிவுகட்டலாகாது. 2008இல் கிறிஸ்தோபர் நோலன் இயக்கிய பற்மான் படமான 'த டார்க் நைட்' அத்தகைய பெருந்தொடரெதனையும் சாராதது. அதில் இரு படகுகள். ஒன்றிற் கைதிகள், மற்றதிற் குடிமக்கள். ஒவ்வொரு படகினர் கையிலும் மற்றப் படகைத் தகர்க்கும் விசை. பெயரறியா அம்மாந்தருக்காக நாம் மூச்சடக்கிக் காத்திருக்கிறோம். மார்வெலுக்கோ நாளடைவில் தொடரே சுமையாயிற்று. 2023இல் வந்த 'த மார்வெல்ஸ்' படத்தின் நாயகியர் மூவருள் ஒருத்தியைத் தொலைக்காட்சித் தொடரொன்றே அறிமுகஞ்செய்தது. பாடம் படித்துவிட்டுப் படம் பார்க்கச் சொன்னால் எவர் வருவர்?

2025இல் ஜேம்ஸ் கன் இயக்கிய 'சுப்பர்மான்' படம் அவன் பிறப்பைச் சொல்லித் தொடங்கவில்லை. அன்றுதான் முதன்முறையாகத் தோற்ற அவ்வீரன், பனியில் வீழ்ந்து கிடந்தவாறு, தன் நாயைச் சீழ்க்கையடித்து அழைக்க முயல்கிறான்.