லிஸ்பன் மாநகரில் முதற் பகல்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஐரோப்பாவுக்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் இலண்டனையும் பாரிஸையும் பற்றியே பேசுவார்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது போர்த்துக்கேயரின் தலைநகராகிய லிஸ்பன். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்ததும், 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்ததும் போர்த்துக்கேய முடியின் பெயராலே நடந்த காரியங்கள். ஆகவே உல்லாசப் பிரயாணிகளைப்போல அந்நகரைப் பார்க்க நம்மால் இயலவில்லை. உடன் வந்த நண்பரோ சரித்திரத்தில் ஊறியவர், கோபமும் உள்ளவர்.

காலையில் சென் ஜோர்ஜ் கோட்டைக்கு ஏறினோம். ஏழு குன்றுகளின்மேல் அமைந்த நகரம் என்பார்கள். நம் முழங்காலைக் கேட்டால் எழுபது என்று சொல்லும். முஸ்லிம்களிடமிருந்து 1147இல் அபொன்சோ என்றிக்கஸ் என்னும் அரசன் கைப்பற்றிய கோட்டை இது. உள்ளே மயில்கள் தாராளமாக உலாவுகின்றன. நண்பர் ஒரு மயிலைக் கண்டு கைகூப்பினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மையாருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இக்கோட்டையின் கோபுரமொன்றிலேதான் முற்காலத்தில் அரசாங்க ஏடுகளைக் காத்து வைத்தனர். அதன் பெயர் தோம்புக் கோபுரம். பெரியோர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. காணிகளைப் பதிந்த தோம்பு என்று நம் முன்னோர் சொன்னார்களே, அந்தத் தோம்பேதான்.

கோட்டையிலிருந்து பார்த்தால் கீழே தேஜு நதியும், நூல் பிடித்தாற்போன்ற நேரான தெருக்களும் தெரியும். பழைய நகரத்தில் நேரான தெரு எப்படி வந்தது? 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி, சகல பரிசுத்தர் திருநாளன்று, சனங்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்த காலை வேளையில் பூமி அதிர்ந்தது. பின் கடல் பொங்கி நதிவழியே ஏறியது. பின் தீ. ஆற்றங்கரை அரண்மனை அழிந்தது. கீழைத்தேச வியாபாரத்தை நடத்திய இந்திய மாளிகையும் தன் ஏடுகளோடு அழிந்தது. பொம்பால் என்னும் மந்திரி தாழ்நிலப் பகுதியைப் புதிதாக வகுத்துக் கட்டுவித்தான். சுவர்களுக்குள் மரச்சட்டங்களைக் கூடுபோற் பின்னி, அதிர்ச்சியைத் தாங்கும்படி வீடுகளை எழுப்பினார்கள். கூரையில்லாமல் நிற்கும் கார்மோ மடாலயம் அந்த நாளுக்குச் சாட்சி. கோட்டையிலிருந்த தோம்புக் கோபுரமும் விழுந்ததாயினும், அதன் ஏடுகளிற் பெரும்பகுதியை இடிபாடுகளிலிருந்து மீட்டுவிட்டார்கள். வீடிழந்த நகரத்தார் கடதாசிகளைத் தேடி எடுத்தார்கள் என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடையொன்றில் இருந்தோம். கடைக்காரர் 'கதெய்ரா' என்று கதிரையைக் காட்டினார். 'மெசா' என்று மேசையைத் துடைத்தார். பாண் வந்தது; அதற்கும் அதே பெயர்தான், மூக்கால் சொல்கிறார்கள். யன்னல் 'ஜனெலா', சப்பாத்து 'சப்பாத்து', துவாய் 'துவால்யா', குசினி 'குசீஞ்ஞா', அலுமாரி 'அர்மாரியு'. நண்பர் உண்பதை விட்டுவிட்டு ஒரு துண்டில் எழுதத் தொடங்கினார். கோயிலை இடித்தவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய கதிரையில் நாம் இன்னும் இருக்கிறோம் என்றார். அவர் சிரிக்கவில்லை.

பின் டிராம் ஏறிப் பெலேம் சென்றோம். ஜெரோனிமு மடாலயத்தின் சிற்பவேலையைக் குறை சொல்ல முடியாது. கல்லிலே கயிறும் கடற்பொருள்களும் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அக்கல்லுக்குக் கூலி கொடுத்தது யார்? ஆபிரிக்க, கீழைத்தேச வியாபாரத்தின்மேல் விதித்த நூற்றுக்கு ஐந்து வரி. மிளகு கட்டிய மாளிகை என்றால் தகும். கோவில் வாயிலருகே வஸ்கொட காமாவின் கல்லறை. 1524இல் கொச்சியில் இறந்தவரின் எலும்புகளைக் கொண்டுவந்து, 1880இல் இங்கே வைத்தார்கள்.

"நீர் போய்ப் பாரும், நான் வெளியே நிற்கிறேன்" என்றார் நண்பர்.

நாம் போய்ப் பார்த்தோம். பகைவனுடைய கல்லறையையும் பார்த்தறிவது நல்லதென்பது நம் கருத்து. நண்பருக்கு அது உடன்பாடன்று. அவரை நாம் வற்புறுத்தவுமில்லை.

வெளியே வந்து அவருக்கு ஒரு செய்தி சொன்னோம். தமிழ்மொழி முதன்முதல் அச்சேறிய நூல் பிறந்ததும் இந்த லிஸ்பனிலேதான். 1554இல் அச்சான சிறு சமய நூல் அது; தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் அடித்திருந்தார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. லிஸ்பன் நூலைத் தமிழுலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் தனிநாயகம் அடிகளார் முக்கியமானவர். மதம் மாற்றுவதற்கென்று அச்சிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தமிழ்ச் சொல் அச்சில் நின்றது.

நண்பர் வெகுநேரம் நதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் 1837 முதல் செய்துவரும் பெலேம் பலகாரத்தை வாங்கிக் கொடுத்தோம். முட்டை கலந்ததென்று கேட்டதும் சைவராகிய அவர் நம்மிடமே திருப்பித் தந்துவிட்டார். நாம் இரண்டையும் உண்டோம்.

மறுநாள் பார்க்கவென்று குறித்திருந்தவை மலையோரத்து அரண்மனைகள். நண்பர் அவற்றை அடித்துவிட்டார். பழைய ஏடுகள் இப்போது பல்கலைக்கழகப் பகுதியிற் கட்டிய பெரிய மாளிகையில் இருக்கின்றன. பெயர் இன்றும் தோம்புக் கோபுரம். கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விடுதிக்காரரிடம் விசாரித்தார். பிறகு, போர்த்துக்கேய மொழி அகராதி எங்கே வாங்கலாம் என்றும் கேட்டார்.